கேஷில் போகிறவர்களுக்கு கீமோ மாத்திரைச் செலவைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி: வெள்ளகோவிலிலிருந்து ஒரு வாசகர், 14 ஜூன் 2025

அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, வீட்டில் 14 நாள் மாத்திரை. இரண்டு கீமோ முடிந்தது, இன்னும் ஆறு இருக்கிறது. எல்லாமே கேஷ். ஊசிச் செலவைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு எழுதித் தருகிற மாத்திரைக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பத்தாயிரம் ஆகிறது. மூன்றாவது கீமோ 23-ம் தேதி. யாராவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

14 ஜூன் 2025, இரவு

தம்பி, 23-ம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். முதலில் அந்த மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டருக்குப் போய், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அங்கே உண்டா, நடுவில் கேஷிலிருந்து ஸ்கீமுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.

நீங்கள் சொல்வது கேப்சிடபின் மாத்திரையாக இருக்கும். ஊசி ஆக்சாலிபிளாட்டின். என் அப்பாவுக்கும் 2023-ல் இதே ஜோடிதான், எட்டு கீமோ. இந்த இரண்டும் சேர்ந்த சிகிச்சை மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின் தொகுப்புப் பட்டியலில் (எந்தெந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு என்கிற பட்டியல்) மாத்திரையோடு சேர்த்தே இருக்கிறது. தமிழ்நாட்டுத் திட்டம் 2018 செப்டம்பரிலிருந்து அதோடு இணைந்துதான் நடக்கிறது. ஆகவே "ஊசிதான் காப்பீட்டுக் கார்டில் வரும், மாத்திரை வெளியே" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே நின்று "தொகுப்பில் மாத்திரையும் இருக்கிறதே" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

15 ஜூன் 2025

அப்பாவின் கதையை எழுதிவிடுகிறேன், அப்போதுதான் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். மூன்று ஏக்கர் மேட்டாங்காடு, கொஞ்சம் கொரங்காடு (மேய்ச்சல் நிலம்), பத்துப் பதினைந்து செம்மறி, இரண்டு மயிலைப் பசு (சாம்பல் நிறக் காங்கேயம் பசு). அட்மிஷன் போடும்போது கவுண்டரில் இருந்த பெண் "ஸ்கீமா கேஷா?" என்று கேட்டாள். பெங்களூரிலிருந்து ஓடிவந்த என் தம்பி ஒரு நொடிகூட யோசிக்காமல் "கேஷ்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பயத்தில் இருக்கும்போது, காசு கொடுத்தால்தான் நல்லா பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தோன்றும். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான்கு கீமோ வரைக்கும் அந்த மருத்துவமனையில் எங்களிடம் யாரும் இதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. டாக்டர் நல்லவர், நர்ஸுகள் தங்கமானவர்கள். ஆனால் "உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்தீர்களா" என்று கேட்பது அங்கே ஒருவர் வேலையாகவும் இல்லை.

மாத்திரையை அவர்கள் மருந்தகத்திலேயே எம்ஆர்பி விலைக்கு வாங்கினோம். ஒரு ஸ்ட்ரிப் ஆயிரத்து நூறு. ஒரு கீமோவுக்கு ஒன்பது ஸ்ட்ரிப். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு அப்பாவின் ஒரு மயிலைப் பசு போனது. அவர் போகவில்லை, சித்தப்பாதான் ஓட்டிக்கொண்டு போனார். அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

நான்காவது கீமோவுக்கு வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாதான் சொன்னார். அவர் பெருந்துறைப் பக்கம், கார்டில் வந்தவர். அதே ஊசி, அதே மாத்திரை, கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. ஐந்தாவதிலிருந்து நாங்களும் மாறினோம்.

16 ஜூன் 2025

கார்டு வாங்குவது எப்படி என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். சேர்த்தே சொல்கிறேன்.

வயதானவர்கள் இன்னும் கலைஞர் கார்டு என்றுதான் சொல்வார்கள். 2009-ல் அந்தப் பெயரில் ஆரம்பித்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. இப்போது குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்றிருந்தது. அந்தப் பழைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டே "நமக்கு வராது" என்று இருக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். திருப்பூருக்குப் பல்லடம் ரோடு. சந்தேகம் என்றால் 1800 425 3993, காசில்லாத எண்.

குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருக்கிற குடும்பம். எங்களுக்கு அப்பா அம்மா இருவர் மட்டும் ஒரு கார்டில். அதனால் வருமானம் தடையாக இல்லை. தடையாக இருந்தது அப்பாதான். "நாம குடுத்துப் பழகுன குடும்பஞ் சாமி. போய்க் கை நீட்டறதா?" என்றார். ஊரில் கோயில் கட்ட, பள்ளிக்கூடச் சுவர் எழுப்ப எல்லாவற்றுக்கும் முதல் ரசீது அவர் பெயரில்தான் இருக்கும். அவரிடம் "இது தர்மம் இல்லைங்கப்பா, நாம கட்டின வரிதான் திரும்பி வருது" என்று மூன்று நாள் பேசினேன். அதற்கெல்லாம் அசையவில்லை. கடைசியில் அம்மா, "அந்த இன்னொரு மாட்டையும் வித்துப்போட்டுத்தான் மாத்தரை திங்கோணுமா?" என்று கேட்டார். மறுநாள் காலை சட்டை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

கொங்கு நாட்டில் இந்தத் தன்மானம் பல வீடுகளில் மருந்தை விட அதிகமாகச் செலவு வைக்கிறது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

18 ஜூன் 2025

வெள்ளகோவில் தம்பி பதில் போட்டிருக்கிறார். அம்மாவும் அவரும் ஒரே ரேஷன் கார்டில். அவர் நூல் மில்லில் வேலை, சம்பளம் 17,000. வருடத்துக்கு 2,04,000 ஆகிறது. கார்டு கிடைக்காது.

மூன்று குறிப்பு எழுதியிருக்கிறேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள் நான். மாதாமாதம் 15-ம் தேதிக்குள் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சலான் கட்டுகிறவளும் நான்தான். மில்லில் 17,000 சம்பளம் என்றால் இஎஸ்ஐ பிடிப்பார்கள் தம்பி! உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 17,000-க்கு 0.75 சதவீதம், 127 ரூபாய் 50 காசு. 128 என்று பிடித்திருப்பார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம் தனியாகப் போயிருக்கும்.

21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. உங்களை நம்பி இருக்கிற பெற்றோருக்கும் உண்டு, அவர்களுடைய சொந்த வருமானம் மாதம் 9,000-க்குள் இருந்தால். அந்தச் சம்பளத்தால் ஒரு கதவு சாத்தினது. அதே சம்பளத்தால்தான் இன்னொரு கதவு திறக்கிறது. இஎஸ்ஐயில் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை.

உடனே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

18 ஜூன் 2025, இரவு

128 ரூபாய். நாலு வருடமாகப் பிடித்திருக்கிறார்கள். அவர் இதுவரை ஒரு காய்ச்சலுக்குக்கூட அங்கே போனதில்லையாம்.

19 ஜூன் 2025

இஎஸ்ஐ வழி எப்படிப் போகும் என்று எங்கள் கம்பெனிக்காரர்களுக்குச் செய்ததை வைத்து எழுதுகிறேன்.

1) முதலில் மில் ஆபீஸ். உங்கள் பெயரில் உள்ள குடும்ப விவரத்தில் அம்மா பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு இங்கேதான் நிற்கும். வேலைக்குச் சேரும்போது "ஃபாரத்தை நிரப்பிக் குடு" என்பார்கள், அவசரத்தில் மனைவி பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்திருப்போம். இல்லை என்றால் ஆதாரோடு சேர்க்கச் சொல்லுங்கள். பெஹ்சான் அட்டையை (இஎஸ்ஐ அடையாள அட்டை) புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2) உங்களுக்கு ஒதுக்கிய இஎஸ்ஐ டிஸ்பென்சரி. அங்கே டாக்டரிடம் ஆபரேஷன் சுருக்கம், பயாப்ஸி ரிப்போர்ட், இதுவரை போட்ட இரண்டு கீமோவின் சீட்டு எல்லாவற்றையும் காட்டினால் மேலே அனுப்புவார்கள். கோவை சிங்காநல்லூரில் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே செய்ய முடியாததற்கு இஎஸ்ஐயோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். நேராகத் தனியார் மருத்துவமனைக்குப் போய் "இஎஸ்ஐயில் போடுங்கள்" என்றால் நடக்காது. கடிதம் முக்கியம்.

இரண்டோடு முடிந்தது, மூன்றாவது எதுவும் இல்லை.

ஒரு கவலை மட்டும். இதற்கு நாள் ஆகும். 23-ம் தேதி கீமோவைத் தள்ளிப்போடலாமா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் நிலைமையைச் சொல்லி அவர் சொல்கிறபடி செய்யுங்கள். மூன்றாவதைக் கேஷிலேயே போட்டுவிட்டு, நான்காவதுக்குள் மாறுவதுதான் நடக்கிற காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

22 ஜூன் 2025

நாளைக்கு மூன்றாவது கீமோ, கேஷ்தான் என்றார். சரி, அப்படியென்றால் கடையில் நிற்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

காலையில் மூன்று, இரவில் மூன்று, 14 நாள். 84 மாத்திரை. ஒரு ஸ்ட்ரிப்பில் பத்து. விலையுள்ள மருந்தைக் கடைக்காரர் வெட்டித் தர மாட்டார், ஒன்பது ஸ்ட்ரிப் கொடுப்பார். ஆறு மாத்திரை மிஞ்சும். அடுத்த தடவையும் அதே சீட்டைக் காட்டினால் அதே ஒன்பது. எட்டு கீமோவுக்கு 72 ஸ்ட்ரிப். உண்மையில் வேண்டியது 672 மாத்திரை, 68 ஸ்ட்ரிப் போதும். நான்கு ஸ்ட்ரிப் வீணாக வாங்குகிறோம். போன தடவை மிஞ்சியதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். காலாவதித் தேதியையும், ஒரே மில்லிகிராம்தானா என்பதையும் மருந்தாளுநரிடம் காட்டிவிட்டு மீதியை மட்டும் வாங்குங்கள். டோஸை டாக்டர் நடுவில் மாற்றுவது உண்டு. ஆகவே எட்டு கீமோவுக்கும் ஒரேயடியாக வாங்கி வைக்கவும் வேண்டாம்.

நான் இதை நான்கு கீமோ முடிந்த பிறகுதான் கண்டேன், அப்பாவின் மாத்திரை டப்பாவை எண்ணியபோது. அந்த எண்ணிக்கையில் வேறொன்றும் தெரிந்தது. அதை இன்றைக்கு எழுத முடியவில்லை.

29 ஜூன் 2025

"மொத்தக் கடையில் கேட்டால் பாதி விலைக்குத் தருகிறார்கள், ஏன் அதைச் சொல்லவில்லை?" என்று ஈரோட்டு நண்பர் கேட்கிறார். உண்மைதான். புற்றுநோய் மருந்துக்கு எம்ஆர்பி ஒன்று, கைக்கு வருகிற விலை ஒன்று. உள்ளே இருக்கிற மருந்து அதேதான், வேறு கம்பெனி என்றால் இன்னும் இறங்கும். நானும் கேட்டுத்தான் ஐந்தாவது கீமோவுக்கு முன்பு விலை விசாரித்தேன். ஃபார்மா சஹி தாம் என்று அரசாங்கத்தின் செயலி இருக்கிறது. மருந்தின் பெயர் போட்டால் மற்ற கம்பெனிகளின் விலையும் வரும். அதை டாக்டரிடம் காட்டி "இதை வாங்கலாங்களா?" என்று கேட்கலாம்.

மக்கள் மருந்தகத்தையும் விட்டுவிட வேண்டாம். அவர்கள் பட்டியலில் புற்றுநோய் மாத்திரைகளும் இருக்கின்றன. எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். இந்த வருடம் பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்தில் எங்கள் பக்கத்துக் கடையில் விசாரித்தேன், கீமோ மாத்திரை இல்லை. ஆனால் வாந்திக்கு, நெஞ்செரிச்சலுக்கு, வலிக்கு எழுதுகிற துணை மருந்துகள் இருந்தன. அவையும் மாதம் ஆயிரத்தைத் தின்னும், அங்கே வாங்கலாம்.

30 ஜூன் 2025: நேற்றைய குறிப்புக்குத் திருத்தம்

மருந்தகம் வைத்திருக்கிற என் தோழி நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் போனிலேயே கண்டித்தாள். அவள் சொன்னது சரி, அதனால் எழுதுகிறேன்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். யாரோ ஒரு ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் "பாதி விலை, பில் வேண்டாமென்றால் இன்னும் குறையும்" என்று சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். 2024 மார்ச்சில் டெல்லியில் போலீஸ் பிடித்த கும்பல், மருத்துவமனைகளில் பயன்படுத்திய விலையுயர்ந்த கீமோ ஊசிகளின் வெற்றுக் குப்பிகளை வாங்கி, வேறு மருந்தை நிரப்பி விற்றிருக்கிறது. பிடிபட்டவர்களில் மருத்துவமனைப் பணியாளர்களும் இருந்தார்கள். உரிமம் உள்ள கடை, பில்லில் பேட்ச் எண், காலாவதித் தேதி, இந்த மூன்றும் இல்லாத சலுகை சலுகையே இல்லை. வாங்கிக் கொடுத்த குப்பி தீர்ந்த பிறகு அதை அங்கேயே உடைத்துப் போடச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள்.

குளிரில் வைக்க வேண்டிய ஊசி (வெள்ளையணு ஏற்றுகிற ஊசி மாதிரி) என்றால் ஐஸ் பெட்டியோடுதான் வாங்க வேண்டும். வெள்ளகோவில் வெயிலில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் குறைந்த விலைக்கு வாங்கியும் பயனில்லை.

12 ஜூலை 2025

விலை ஏன் இப்படிக் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபப்பட வேண்டியதுதான். ஆனால் இதில் நம் நாட்டில் சில நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன, தெரிந்துகொள்வோம்.

கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற சோராஃபெனிப். வெளிநாட்டுக் கம்பெனி மாதத்துக்கு 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம், இந்த விலைக்கு நம் மக்களால் வாங்க முடியாது என்று சொல்லி, நாட்கோ என்ற ஹைதராபாத் கம்பெனிக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே தயாரிக்கிற அனுமதி) கொடுத்தது. மாதம் 8,880 ரூபாய். அதே மருந்து!

அடுத்த வருடம், 2013 ஏப்ரல் 1, இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் வழக்கு. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் மறுத்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மாத்திரை, ஜெனரிக்கில் (மற்ற கம்பெனிகள் செய்கிற அதே மருந்து) பத்தாயிரத்துக்குள் கிடைத்துக்கொண்டே இருக்க அந்தத் தீர்ப்பு காரணம்.

2019 பிப்ரவரியில் மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தது. அப்போது 390 பிராண்டுகளின் விலை இறங்கியது, சிலது 87 சதவீதம் வரை. ஒரு மருந்தின் விலையில் 87 சதவீதத்தைக் குறைத்தும் கம்பெனி அதை விற்க முடிகிறது என்றால், அதற்கு முன்னால் எத்தனை காடு, எத்தனை நகை அந்த இடைவெளியில் போயிருக்கும்? கணக்கு எழுதுகிற எனக்கு அந்தக் கேள்வி இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது.

13 ஜூலை 2025

ஒரு சின்ன விஷயம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டில் பதினோரு ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்தது. அப்பாவுக்கு ஹார்லிக்ஸ் வாசனையே ஆகாது. ஊத்துக்குளி அத்தை மட்டும் வெறுங்கையோடு வந்து, அரை மணி நேரம் பேசிவிட்டு, போகும்போது என்னிடம் "மருந்துச் சீட்டு எங்க கண்ணு?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் ஒரு பையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை வந்தது. சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மொய் எழுதத் தெரிந்த நமக்கு இதுவும் தெரியும்.

3 ஆகஸ்ட் 2025

வெள்ளகோவில் தம்பி எழுதியிருக்கிறார். அம்மா பெயர் குடும்ப விவரத்தில் இல்லை. நினைத்தேன். மில் ஆபீஸில் சேர்க்க ஆறு நாள், அப்புறம் டிஸ்பென்சரி, சிங்காநல்லூர், கடிதம். நான்காவது கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது. டாக்டரிடம் கேட்டுத்தான் தள்ளினார்களாம். ஆனால் ஊசி, மாத்திரை இரண்டுக்கும் கையிலிருந்து காசு போகவில்லை. அம்மாவுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிகிறதாம். இந்த மாத்திரைக்கு அது வரும். யூரியா கலந்த களிம்பு எழுதித் தருவார்கள், இஎஸ்ஐயிலேயே கேட்டுப் பாருங்கள். செருப்பில்லாமல் களத்தில் நடக்க விடாதீர்கள். அதிகமானால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அம்மா, செலவாகுதேன்னு ரெண்டாவது கீமோவுல மாத்திரையைக் குறைச்சுச் சாப்பிட்டதா இப்பத்தான் சொல்றாங்க."

அதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜூன் 22-ல் எழுதாமல் விட்டது இதுதான்.

அப்பாவுக்கு நான்கு கீமோவுக்கு 36 ஸ்ட்ரிப், 360 மாத்திரை வாங்கினோம். 336 சாப்பிட்டிருக்க வேண்டும். டப்பாவில் 24 மீதி இருக்க வேண்டும். எண்ணினால் 52. இரண்டு தடவை எண்ணினேன். 28 மாத்திரை கூட இருந்தது. 28 என்றால் 14 நாள் இரண்டு தடவை. மூன்றாவதிலும் நான்காவதிலும் இரவு மூன்றுக்குப் பதில் இரண்டு மட்டும் எடுத்திருக்கிறார். கேட்டேன். "ஒரு மாத்தர நூத்திப் பத்து ரூவா சாமி. ராத்திரிக்கு ரெண்டு போதும்னு தோணுச்சு" என்றார். சாதாரணமாகச் சொன்னார், ஆட்டுக்குத் தீவனத்தை மட்டுப்படுத்தினதைச் சொல்வது போல. பசுவை விற்ற காசு அந்த டப்பாவில் இருப்பதாக அவருக்குக் கணக்கு.

டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எல்லா வாரமும் இப்படி ஒருத்தர் வர்றாங்க" என்றார்.

ஆகவே மாத்திரைச் செலவு என்பது பணப் பிரச்சினை மட்டும் இல்லை. பெரியவர்கள் நமக்குத் தெரியாமல் தங்கள் உடம்பில் சிக்கனம் பிடிப்பார்கள். விலையை அவர்கள் காதில் போடாதீர்கள். பில்லை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். வாரம் ஒரு தடவை மாத்திரையை எண்ணுங்கள். மிச்சம் அதிகமாக இருந்தால் திட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். விட்டுப்போன மாத்திரையை நீங்களாகச் சேர்த்துக் கொடுக்கவும் வேண்டாம்.

10 ஆகஸ்ட் 2025

நோய் தொழிலாளிக்கே வந்தால் என்ன என்று பல்லடத்திலிருந்து ஒரு அக்கா கேட்டார். எங்கள் கம்பெனி ஓவர்லாக் டெய்லர் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது நான்தான் தாள் வேலை பார்த்தேன். சிகிச்சை ஒரு பக்கம், சம்பளம் இன்னொரு பக்கம். சாதாரண நோய் விடுப்புக்கு இஎஸ்ஐ 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தரும். புற்றுநோய் மாதிரி நீண்ட கால நோய்க்கு, போதிய அளவு சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதம் இரண்டு வருடம் வரை. அந்தப் பணம் வந்ததால்தான் அவர் பிள்ளை படிப்பை நிறுத்தவில்லை. ஆகவே நோய் என்று தெரிந்ததும் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிஎஃப்பில் மருத்துவ முன்பணமும் எடுக்கலாம்.

24 செப்டம்பர் 2025

ஜூனில் எழுதிய விலையெல்லாம் பழையது. நேற்று முன்தினம், 22-ம் தேதியிலிருந்து, மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம். 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை.

கடையில் பழைய ஸ்ட்ரிப்பில் பழைய எம்ஆர்பிதான் அச்சாகி இருக்கும். "இது பழைய ஸ்டாக்" என்று சொல்லிப் பழைய விலையை வாங்கக் கூடாது. கம்பெனி திருத்திய விலைப்பட்டியலைக் கடைக்கு அனுப்பியிருக்கும், அதைக் கேளுங்கள். கணக்கு எளிது. 12 சதவீதம் சேர்த்து 1,120 ரூபாய் இருந்தது இப்போது 1,050. முன்பே 5 சதவீதத்தில் இருந்த மருந்துகளும் உண்டு, அவற்றில் இந்த வித்தியாசம் வராது. பில்லில் விகிதத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

11 அக்டோபர் 2025

கோபியிலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிற ஒருவருக்காக: ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை. துணைக்குப் போகிறவருக்கு அதே வகுப்பில் 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில்தான் எடுக்க வேண்டும், ஆன்லைனில் வராது. ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலை சென்னை.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு: பழைய முறையில் இருந்தால் 80 டிடிபி பிரிவில் புற்றுநோய்ச் செலவைக் கழிக்கலாம். 40,000 வரை, நோயாளி அறுபது வயதுக்கு மேல் என்றால் ஒரு லட்சம் வரை. காப்பீட்டில் வந்த தொகையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான். புற்றுநோய் நிபுணரின் சீட்டு வேண்டும். நம்மை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்குச் செய்த செலவும் சேரும். நான் அப்பாவின் முதல் நான்கு கீமோவுக்குப் போட்டேன். பில்லையெல்லாம் வைத்திருந்ததால் முடிந்தது. ஆகஸ்டில் "பில்லை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்" என்று எழுதினேனே, எறியச் சொல்லவில்லை. உங்கள் அலமாரியில் வையுங்கள்.

2 நவம்பர் 2025

எட்டாவது முடிந்துவிட்டதாம். தம்பி படம் அனுப்பியிருக்கிறார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து காலி ஸ்ட்ரிப்புகளை முறத்தில் பரப்பி எண்ணிக்கொண்டிருக்கிறார். கணக்குச் சரியாக வந்தது என்கிறார் தம்பி.

இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிஇஏ (நோய் திரும்புகிறதா என்று பார்க்கிற) இரத்தப் பரிசோதனை, அப்புறம் ஸ்கேன் என்று டாக்டர் எழுதியிருப்பார். அதற்கும் டிஸ்பென்சரி கடிதம்தான் வழி தம்பி, தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே போய்விடுங்கள். மில் மாறினால் இஎஸ்ஐ எண் அதேதான், புதிய ஆபீஸில் அந்தப் பழைய எண்ணைக் கொடுங்கள், அம்மா பெயர் ஏறியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

அப்பாவுக்கு இந்த மாதம் 20-ம் தேதி செக்கப். போன வாரம் ஒரு கன்றுக்குட்டி பிடித்து வந்திருக்கிறார், மயிலை. எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை.